சுந்தரராஜுலுவின் நாற்பத்தொரு கருவிகள்

துடியலூரில் ஒரு வீட்டில் துப்பாக்கி செய்கிறார்கள் என்ற செய்தி, எதிர்வீட்டுச் சாந்தாமணியின் தயவில், காலை பத்து மணிக்குள் தெரு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. செய்கிறவர் சுந்தரராஜுலு என்று தெரிந்த பிறகுதான் தெரு மூச்சு விட்டது. காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிக்க வேண்டும் என்றாலே எந்தச் சுத்தியல், எத்தனை கிராம், தலை உருண்டையா தட்டையா என்று மூன்று நாள் யோசிக்கிற மனிதர் அவர். அவர் துப்பாக்கியைச் செய்து முடிப்பதற்குள், சுடப்பட வேண்டியவன் வயதாகித் தானாகவே போய்ச் சேர்ந்துவிடுவான். பயப்பட என்ன இருக்கிறது?

செய்வது என்று சொன்னதும் தப்பு. பாகங்களைச் சேர்த்துப் பூட்டுவது என்று சொல்ல வேண்டும். அவருடைய மகள் ஷ்ரவ்யா சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். நான்கு வருடமாக ஞாயிறு தவறாமல் ரைஃபிள் கிளப்புக்குப் போய்ப் பத்து மீட்டர் தூரத்து அட்டையைச் சுட்டுக்கொண்டிருக்கிறாள். காற்றழுத்தத்தில் மிளகளவு ஈயக்குண்டைத் தள்ளும் போட்டி ரைஃபிள் அது. லைசென்ஸ் கேட்காத வகை. இதுவரை சுட்டது கிளப் ரைஃபிளில். எட்டுப் பேர் மாறி மாறிக் கன்னம் வைக்கிற ரைஃபிளில் என்ன குறி வரும்? போன வருடம் மாநில அணித் தேர்வு ஒன்றரைப் புள்ளியில் கை நழுவியது. அன்று அவள் வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அழுதது, குழாய்ச் சத்தத்தையும் மீறி வெளியே கேட்டது. இந்த வருடம் சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டாள். புனேயில் ஒரு பெண் சுடுவதை விட்டுவிட்டாளாம், அவளுடையது. வண்டியில் அனுப்ப வசதியாகக் கழற்றி, குழல் வேறாக, மரக்கட்டை வேறாக, கன்னம் வைக்கும் பலகை, தோளில் பதியும் தட்டு எல்லாம் தனித்தனியாகப் பெட்டியில் வந்து இறங்கியது.

"நைனா, இதை நீங்கதான் பூட்டித் தரோணும். கிளப்புல குடுத்தா ஆளாளுக்குக் கை வெப்பாங்க. எனக்கு உங்க கைமேலதான் நம்பிக்கை," என்றாள் ஷ்ரவ்யா. "மேட்சுக்கு இன்னும் ஒரு மாசந்தானுங்க. அதுல பத்து நாளாச்சும் இதுல பழகோணும்."

"அதுக்கென்ன கண்ணு, பூட்டிப்போட்டாப் போச்சு," என்றார் சுந்தரராஜுலு. அந்தக் கை இதுவரை ஒரு திருகைக்கூட முழுதாக முடுக்கியதில்லை. இது உலகத்தில் தன் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம் என்று அவர் நம்பியிருந்தார்.

இது எப்படிச் சாத்தியம் என்று கேட்பீர்கள். அவருக்கு வயது அறுபத்தாறு. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் மில் வைத்தார்கள், மீதிப் பேர் பவுண்டரி வைத்தார்கள். இவருக்கு வாய்த்தது ஒரு ஜன்னல். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு பம்பு கம்பெனி, அதில் டூல் ஸ்டோர்ஸ், அதன் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு முக்காலி. அங்கே முப்பத்துநாலு வருடம் உட்கார்ந்திருந்தார். தொழிலாளி ஒவ்வொருவருக்கும் எண் வெட்டிய பித்தளை டோக்கன் உண்டு. டோக்கனைக் கொடுத்தால் கருவி வரும். டோக்கன் ஆணியில் தொங்கும். சாயங்காலம் கருவி திரும்பினால் டோக்கன் திரும்பும். முப்பத்துநாலு வருடத்தில் ஒரு ஸ்பேனர்கூடக் காணாமல் போனதில்லை. இந்த ஒழுங்குக்காக அவருக்கு இரண்டு தடவை சால்வை போர்த்தியிருக்கிறார்கள்.

எந்த வேலைக்கு எது என்று அவரைக் கேட்டால் போதும். மோட்டாரின் சத்தத்தை வாயால் செய்து காட்டினால்கூட, "பன்னெண்டு பதிமூணு ஸ்பேனர் ரெண்டு எடுத்துக்க, ஒண்ணு புடிக்க, ஒண்ணு திருக," என்பார். தப்பாது. ஆனால் எடுத்துக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. முடுக்குகிற கை எப்போதும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

வீட்டிலும் அதே கதைதான். குழாய் ஒழுகினால் பிளம்பர் வருவார், மின்விசிறி முனகினால் எலக்ட்ரீஷியன் வருவார். சுந்தரராஜுலு பக்கத்தில் நின்றுகொண்டு, ஆப்பரேஷன் தியேட்டரில் பெரிய டாக்டர் நிற்கிற தோரணையில், "அது வேண்டாங்க, அந்தச் சின்னதை எடுங்க," என்பார். சின்னதை எடுத்தால் வேலை முடியும். பிளம்பர் போன பிறகு மனைவி ராமாமணி போனில் சொந்தங்களிடம், "இவருதானுங்க சரி பண்ணினாரு, வந்தவனுக்கு ஒண்ணுந் தெரியல," என்பாள். இவர் மறுக்கவில்லை, அவ்வளவுதான். பொய் என்று ஒன்றையும் அவர் வாயால் சொன்னதில்லை. நேரம் பார்த்துச் சும்மா இருந்ததில் மட்டும் ஒரு மனிதன் இவ்வளவு பெயர் சம்பாதிக்க முடியுமென்றால், உழைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது.

இப்படிப்பட்டவர் என்ன செய்வார்? தனக்குத் தெரிந்ததைச் செய்தார். கருவி தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார்.

டவுனில் உம்மல் குல்சும் என்ற அம்மாள் நடத்துகிற கருவிக் கடைக்குப் போனார். கணவர் காலமான பிறகு கடையைத் தனியாகத் தூக்கி நிறுத்தியவர் அவர். கம்பெனி நாளிலிருந்து பழக்கம்.

"வாங்கண்ணா. என்ன வேலைக்குங்க?"

"துப்பாக்கி பூட்டறதுக்கும்மா."

கடையில் நின்ற நாலு பேரும் திரும்பினார்கள். ஒருவர் தான் வாங்க வந்ததை மறந்து படியிறங்கிப் போய்விட்டார்.

"ஏர் ரைஃபிளும்மா. புள்ளை போட்டிக்குச் சுடறது."

"அதை மொதல்லயே சொல்லக்கூடாதுங்களா? வந்த யாவாரம் ஓடிப்போச்சு," என்றார் உம்மல் குல்சும். "சரி, எத்தனை திருகுங்க?"

"முக்கியமானது ரெண்டு. குழலைக் கட்டையில உக்கார வெச்சு அடியில ரெண்டு திருகு. ரெண்டும் ஒரே இறுக்கமா இருக்கோணும். ஒண்ணு கூடி ஒண்ணு கொறஞ்சா குறி மாறும்."

அன்று வாங்கியது டார்க் ஸ்க்ரூடிரைவர். இவ்வளவு இறுக்கம் போதும் என்று தானே டக்கென்று சத்தம் கொடுக்கிற கருவி. மறுநாள் அதற்கு நுனிகள். அடுத்த நாள் கட்டையைக் கவ்விப் பிடிக்கச் சின்ன வைஸ். அதன் பல் மரத்தில் பதியுமே என்று அதற்கு ரப்பர் உறை. ரப்பர் கறை பிடிக்குமோ என்று தோல் உறை. ஒரு ரசமட்டம், இன்னும் சின்னதாக இன்னொரு ரசமட்டம். தலையில் ஆறுமூலைக் குழி உள்ள திருகுகளைத் திருப்ப, மில்லிமீட்டர் கணக்கில் ஒரு ஆலன் கீ செட். நைலான் தலைச் சுத்தியல். இரண்டு வாரத்தில் ஒன்பது தடவை டவுன் பஸ் ஏறினார். ஒன்பதாவது தடவை உம்மல் குல்சும் பில் போடாமல் அவரையே பார்த்தார்.

"ரெண்டு திருகுக்கு இத்தனையுங்களாண்ணா?"

"திருகு ரெண்டுதாம்மா. பொறுப்பு பெருசு."

ரைஃபிள் செய்த கம்பெனிக்காரன் பெட்டிக்குள்ளேயே பிளாஸ்டிக் உறையில் ஒரு சின்ன ஆலன் கீ போட்டு அனுப்பியிருந்தான். புனேப் பெண்ணும் நேர்மையாக அதைப் பெட்டியில் வைத்திருந்தாள். சுந்தரராஜுலு அதை முதல் நாளே இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இனாமா வர்ற டூலை வெச்சு எவன் வேலை செய்வான்?" என்று சமையல் மேடைமேல் போட்டார். வளைந்த நுனி ராமாமணிக்குத் தோதாக இருந்தது. கேஸ் அடுப்பின் சூடான பர்னர் மூடியைத் தூக்க அதை வைத்துக்கொண்டாள்.

கடைசியில் முன்னறை மேசைமேல் பச்சைத் துணி விரித்து, உயர வரிசையில், நாற்பத்தொரு கருவிகள் படுத்திருந்தன. பார்க்க வந்தவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். ரைஃபிள் மட்டும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

பதினைந்தாம் நாள் ஷ்ரவ்யா குரலை உயர்த்தாமல் கேட்டாள். உயர்த்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நைனா, முடியலீன்னா சொல்லிருங்க. நானே பூட்டிக்கறேன். இல்லீன்னா கிளப்புல குடுத்துக்கறேன்."

"முடியலீன்னு ஆரு சொன்னது?"

"அப்ப நாளைக்குச் சாயங்காலம் எனக்குக் கையில வேணும்."

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. 'எனக்கு முடுக்கத் தெரியாது கண்ணு.' அவள் சிரித்துவிட்டுத் தானே பூட்டியிருப்பாள். ஆனால் அறுபத்தாறு வயதில், பெற்ற மகள் நம்புகிற ஒரே விஷயத்தை எடுத்து மேசைமேல் வைத்து, இது போலி என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? அவரால் முடியவில்லை.

மறுநாள் புதன்கிழமை. ராமாமணி கிணத்துக்கடவில் ஒரு புதுமனைப் புகுவிழாவுக்குப் போய்விட்டாள். ஷ்ரவ்யா வேலைக்குப் போய்விட்டாள். சுந்தரராஜுலு குளித்து, விபூதி இட்டு, சாமி படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் கூடுதலாக நின்றார். பிறகு கட்டையைக் கவிழ்த்து மடியில் வைத்து, குழலை அதன் பள்ளத்தில் உட்கார வைத்தார். முன்பக்கத் திருகைத் துளையில் இறக்கினார். அது நாலு மில்லிமீட்டர் கீ கேட்கிற திருகு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பார்.

மேசைமேல் இரண்டு ஆலன் கீ செட்டுகள் இருந்தன. ஒன்று புதிதாக வாங்கியது. இன்னொன்று ஓய்வு பெற்ற அன்று கம்பெனி கொடுத்தது. அமெரிக்காவுக்குப் போகிற பம்புகளுக்கென்று வாங்கிய அங்குலக் கணக்குச் செட்டில் ஒன்றை எடுத்து, வெல்வெட் பெட்டியில் வைத்து, ஒவ்வொரு கீயிலும் 'எஸ். சுந்தரராஜுலு' என்று பொறித்துக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்று நாலு மில்லிமீட்டருக்கு முடியளவு சின்னது. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஜன்னலில் எவனாவது இதற்கு அதைக் கேட்டிருந்தால், "கண்ணு தெரியலியா?" என்று திருப்பி அனுப்பியிருப்பார். அன்று அவரே தனக்குக் கருவி எடுத்துக் கொடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கை தன் பெயர் இருந்த பக்கம் போனது.

இரண்டு சுற்று நன்றாகப் போயிற்று. அவர் முகத்தில் சிரிப்புகூட வந்தது. மூன்றாவது சுற்றில் திருகு கோணலாக இறங்கி இறுகியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். கீ வழுக்கியது. மறுபடி அழுத்தினார், மறுபடி வழுக்கியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஆறு மூலையும் மழுங்கித் திருகின் தலை வட்டமாகிவிட்டிருந்தது. உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. மணி பதினொன்று.

நாற்பத்தொரு கருவிகளில் அரைபட்ட திருகை வெளியே எடுக்க ஒன்றுகூட இல்லை. தானே அரைத்துவிடுவோம் என்று நினைத்திருந்தால்தானே வாங்கியிருப்பார்?

கிளப்புக்குப் போனால் மகளுக்குத் தெரிந்துவிடும். தெருவில் யாரையாவது கேட்டால் சாந்தாமணி வழியாக மேட்டுப்பாளையம் வரை தெரிந்துவிடும். வேலையும் தெரிந்து, வாயையும் மூடிக்கொண்டிருக்கக்கூடிய ஒரு ஆளின் பெயர்தான் அவர் ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பெயர் வந்ததை அவர் விரும்பவில்லை. அரை மணி நேரம் வேறு பெயர் தேடினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஆறுச்சாமி அதே கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவர். டோக்கன் எண் நூற்றுப் பன்னிரண்டு. அவருடைய அப்பாவும் அம்மாவும் சுந்தரராஜுலுவின் பெரியப்பா தோட்டத்தில் கூலிக்குக் களை எடுத்தவர்கள்; அந்த வீட்டுப் படியேற விடப்படாதவர்கள். ஆறுச்சாமி ஐ.டி.ஐ. படித்து முதல் மார்க் வாங்கி, எண்பத்தேழாம் வருடம் வைகாசியில் கம்பெனியில் சேர்ந்தார். அதுவரை ஜன்னலில் டோக்கனும் கருவியும் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தன. ஆனி பிறந்ததும் ஜன்னலுக்கு வெளியே ஒரு பலகை முளைத்தது. அதற்கு மேலே அழகான கையெழுத்தில் ஒரு போர்டு: 'டோக்கனைப் பலகையில் வைக்கவும். கருவியைப் பலகையிலிருந்து எடுத்துக்கொள்ளவும்.'

எல்லாருக்கும் ஒரே விதி. சூப்பர்வைசர் வந்தாலும் பலகை, மேனேஜர் வந்தாலும் பலகை. ஒருவரும் குறை சொல்ல முடியாது. நிர்வாகம் ஒழுங்கைப் பாராட்டியது. முதல் சால்வை அதற்குத்தான். சுந்தரராஜுலுவைக் கேட்டால் டோக்கன் கீழே விழாமல் இருக்க என்பார். சொல்லிச் சொல்லி அவருக்கே அது உண்மையாகிவிட்டது. வரிசையில் நின்ற முந்நூறு பேரில் ஒரே ஒருவருக்கு மட்டும் அந்தப் பலகை எதற்கு வந்தது என்று தெரியும். அவர் இருபத்துநாலு வருடம் அதிலிருந்து கருவி எடுத்து வேலை செய்தார். பிறகு வேலையை விட்டு வெள்ளக்கிணறு பக்கம் சொந்தப் பட்டறை போட்டார். இப்போது அதே கம்பெனிக்குப் பம்பு உறுப்புகள் அங்கிருந்துதான் போகின்றன.

பட்டறை வாசலில் கணினியில் இயங்கும் கடைசல் மெஷின் முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள்; ஆறுச்சாமியின் மகள் சண்முகப்ரியா.

"அப்பா இருக்கறாருங்களா கண்ணு?"

"உள்ள இருக்கறாருங்க. உக்காருங்க, டீ கொண்டு வரச் சொல்றேன்."

"வேண்டாங்க கண்ணு. இப்பத்தான் குடிச்சேன்."

காலையிலிருந்து சுந்தரராஜுலு பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உள்ளேயிருந்து வந்த ஆறுச்சாமி அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டே வந்தார். டீ என்று மறுபடி யாரும் சொல்லவில்லை.

"வாங்க சார். ஏனுங்க இவ்வளவு தூரம்?"

"ஒரு திருகு அரைபட்டுப்போச்சு. வெளிய எடுக்கோணும். ஊட்டுக்கு வரணும்."

"ஆரு அரைச்சதுங்க?"

"ஒரு ஆளு."

"ஆளுக்கு அளவு தெரியாதுங்களா?"

சுந்தரராஜுலு மெஷினைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "தெரியும்," என்றார்.

ஆறுச்சாமி பையை எடுத்து ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு, "ஏறுங்க," என்றார். முப்பது வருடத்துக்கு மேலாகத் தெரிந்த இரண்டு பேரும் அன்றுதான் முதன்முதலாக ஒரே வண்டியில் போனார்கள். பின்னால் உட்கார்ந்தவர் பிடித்துக்கொள்ள இடமில்லாமல் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

வீட்டு மேசையைப் பார்த்ததும் ஆறுச்சாமி ஒரு நிமிடம் நின்றுவிட்டார்.

"ஸ்டோர்ஸையே பேத்துக் கொண்டாந்துட்டீங்களாட்ட இருக்குது."

பிறகு கட்டையைக் கையில் வாங்கித் திருகைப் பார்த்தார். மேசையில் தனியாகக் கிடந்த கீயை எடுத்தார். நுனியைத் தடவினார். மேலே பொறித்திருந்த பெயரைப் படித்தார்.

"இது அங்குலமுங்களே சார்."

"ம்."

"நான் வந்து நாலு எம்எம்முக்கு இதைக் கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"குடுத்திருக்க மாட்டேன்," என்றார் சுந்தரராஜுலு. அவர் அந்த நாளில் சொன்ன முழு உண்மைகளில் அது முதலாவது.

ஆறுச்சாமி தன் பையிலிருந்து ஒரு பழைய கீயை எடுத்து, நுனியை அரத்தால் லேசாகச் சரித்து, மழுங்கிய தலையில் தட்டி இறக்கினார். ஒரு கையால் கட்டையை அணைத்து, மறுகையால் மெல்லத் திருப்பினார். கிறீச் என்று ஒரு சத்தம். திருகு வெளியே வந்துவிட்டது. மொத்தம் நாலு நிமிடம். அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய், அதே அளவில் புதிதாக ஒன்று கடைந்து, மூன்று மணிக்குள் திரும்பி வந்தார். இதற்குள் ராமாமணியும் கிணத்துக்கடவிலிருந்து வந்து சேர்ந்திருந்தாள்.

"பெட்டியோட ஒரு கீ வந்திருக்குமுங்களே?" என்று கேட்டார் ஆறுச்சாமி.

சுந்தரராஜுலு சமையலறைக்குப் போய்ப் பர்னர் பக்கத்திலிருந்து அதை எடுத்து வந்தார். நுனியில் மஞ்சள் ஒட்டியிருந்தது. ஆறுச்சாமி அதை வேட்டியில் துடைத்தார். பூட்டப்போகிறார் என்று சுந்தரராஜுலு நகர்ந்து, வழக்கமான இடத்தில், பக்கத்தில் நின்றுகொண்டார்.

ஆறுச்சாமி நாற்காலியை இழுத்து அவர் முன்னால் போட்டார்.

"உக்காருங்க. பூட்டறது உங்க வேலைங்க. புள்ளை உங்களைத்தானுங்களே கேட்டிருக்குது. நான் எடுத்து வெக்கறேன்."

"எனக்கு…"

"தெரியுமுங்க," என்றார் ஆறுச்சாமி. குரலில் கேலி இல்லை. "ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்ன எல்லாருக்குமே தெரியுமுங்க சார். ஆரும் பேசிக்கறதில்ல, அவ்வளவுதான்."

முந்நூறு பேர். முப்பத்துநாலு வருடம் ஒருவரும் சொல்லவில்லை. சுந்தரராஜுலுவுக்கு முகம் எரிந்தது. ஓடிப்போக இடமில்லாததால் உட்கார்ந்தார்.

கட்டை மடியில் கவிழ்ந்திருந்தது. இடது கையால் குழலையும் கட்டையையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தார். விட்டால் நடுவில் இடைவெளி விழும், திருகு மறுபடி கோணலாகும். வலது கை விரல்களால் புதுத் திருகை நேராக இறக்கி, ஒரு சுற்று சுற்றி, சாயாமல் அழுத்திக்கொண்டார். நெற்றி வியர்த்தது.

"கீ," என்றார்.

ஆறுச்சாமி கீயை மேசையின் விளிம்பில் வைத்தார்.

எட்டவில்லை. இடது கையை விட முடியாது. வலது கையை எடுத்தால் திருகு சாயும். சுந்தரராஜுலு மேசையைப் பார்த்தார். கீயைப் பார்த்தார். அது விளிம்புக்கு நேராக, ஒழுங்காக, எடுத்துக்கொள்ளத் தோதாக வைக்கப்பட்டிருந்தது. அந்த மாதிரி ஆயிரக்கணக்கான தடவை அவரே வைத்திருக்கிறார்.

நிமிர்ந்து பார்த்தார். ஆறுச்சாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வரிசையில் நிற்கிறவர் மாதிரி, அமைதியாக நின்றிருந்தார்.

"ஆறுச்சாமி," என்றார். "கையில குடுங்க."

"பலகையில வெச்சே பழகிப்போச்சுங்க."

"அந்தப் போர்டை எழுதி மாட்டினது நாந்தானுங்க."

"தெரியுமுங்க. உங்க எழுத்துத்தானுங்களே."

"எதுக்குன்னு…"

"அதுவுந் தெரியுமுங்க." ஆறுச்சாமி கீயை எடுத்தார். குனிந்து, திருகை அழுத்தியிருந்த விரல்களுக்கு நடுவில் அதைச் செருகி, விரல்களைப் பிடித்துக் கீயின்மேல் மடக்கி வைத்தார். காய்ப்பேறிய கை. "கொஞ்சம் விட்டுப் புடிங்க. சரி, கால் சுத்து. இன்னொரு கால். போதுமுங்க. இனிப் பின்னாடி திருகு. ரெண்டும் ஒரே இறுக்கமா இருக்கோணும்."

சுந்தரராஜுலுவின் கண் கலங்கி, திருகு இரண்டாகத் தெரிந்தது. துடைத்துக்கொள்ளக் கை காலியில்லை. அப்படியே முடுக்கினார். வெட்கமாக இருந்தது. வாழ்நாளில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை என்று நினைத்தார். அதே சமயம் திருகு விரலுக்குள் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டு வந்தது. அது இவ்வளவு சந்தோஷம் தரும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஆறுச்சாமி எடுத்துக் கொடுக்க, கன்னப் பலகையும் தோள் தட்டும் பூட்டி முடிகிறபோது, ஐந்தரை மணிக்கு ஷ்ரவ்யா வந்தாள். பூட்டிய ரைஃபிளைத் தூக்கித் தோளில் வைத்து, கன்னத்தைப் பதித்து, எதிர்ச்சுவர்க் காலண்டரில் ஒரு தேதியைக் குறி பார்த்தாள். அசையாமல் வெகுநேரம் அப்படியே நின்றாள். இறக்கியபோது அவள் முகம் போன வருடத்து அழுகைக்கெல்லாம் வட்டி சேர்த்துச் சிரித்தது.

"எனக்குத் தெரியும் நைனா. உங்க கைன்னா கைதான்."

"இல்ல கண்ணு," என்றார் சுந்தரராஜுலு. "எனக்கு முடுக்கத் தெரியாது. மொதல்ல ஒரு திருகை அரைச்சுப்போட்டேன். இவருதான் வந்து காப்பாத்தினாரு. நான் கம்பெனியிலயும் ஒரு நாளும் முடுக்கினதில்ல."

ஷ்ரவ்யா சிரித்தாள். "இந்தத் தன்னடக்கம் இருக்குது பாருங்க!" என்று ஆறுச்சாமியிடம் சொன்னாள்.

"உங்க நைனாதானுங்க பூட்டினது அம்மணி. நான் எடுத்துக் குடுத்தேன்," என்றார் ஆறுச்சாமி.

"கேட்டீங்களா?" என்றாள் ராமாமணி. தகுதியில்லாத காலத்திலெல்லாம் கொட்டிக் கொடுத்த பாராட்டை, அவர் வேண்டாம் என்று சொல்கிறபோதும் நிறுத்த யாரும் தயாராக இல்லை. ராமாமணி உள்ளே போய்க் காப்பி கலந்து வந்தாள். ஆறுச்சாமிக்கென்று கொண்டுவந்த டம்ளரை மேசை விளிம்பில் வைத்தாள். அவள் அப்படி வைத்ததில் அவளுக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

சுந்தரராஜுலுவுக்குத் தெரிந்தது. எழுந்து போய் டம்ளரை எடுத்தார். பையை மாட்டிக்கொண்டு வாசல்படியில் செருப்புத் தேடிய ஆறுச்சாமியிடம் போய், இரண்டு கையாலும் நீட்டினார்.

"குடிங்க ஆறுச்சாமி."

ஆறுச்சாமி டம்ளரைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. மரியாதையாக, சிரித்த முகத்தோடுதான் சொன்னார்.

"வேண்டாங்க சார். இப்பத்தான் குடிச்சேன்."

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பிப் போயிற்று. உள்ளே ஷ்ரவ்யா மறுபடியும் காலண்டரைக் குறி பார்த்துக்கொண்டிருந்தாள். சுந்தரராஜுலு டம்ளரோடு வாசலிலேயே நின்றார். அதன் சூடு இரண்டு கையிலும் ஏறிக்கொண்டிருந்தது. கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை.